வெள்ளிக்கிழமை இறைச்சி

மனைவி றோஸ்மேரி இறந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டு அருளப்பு அண்ணைதான் ஜெறாட்டுக்குச் சோறு கொடுத்தார். ஒருநேரமாவது அவருக்குத் தன் கையால் சமைத்துப் போட ஜெறாட் ஆசைப்பட்டான். ஆனால் அண்ணைக்குக் கடைவாய்ப் பல் இல்லை. கிடைத்ததோ முற்றிய மாட்டு நெஞ்சிறைச்சி. மிளகும் உப்பும் பூசி, சட்டியில் மூடி, றோஸ்மேரி கேக் சுட்ட மண்போறணை அடுப்புக்குள் வைத்தான்.

பின்னேரம் வந்த அண்ணை சிரித்தார்.

"டேய், தவக்கால வெள்ளியிலயோ இறைச்சி? பாதர் கண்டாரெண்டால் துலைஞ்சாய்!"

வெட்கப்பட்டவன் போறணையைத் திறக்காமலே தணல் சூட்டில் விடியும்வரை விட்டான்.

சனிக்கிழமை காலையில் கரண்டி பட்டதும் இறைச்சி பிரிந்தது. அண்ணை மெல்லாமலே விழுங்கினார்.

"இன்னும் கொஞ்சம் போடு."

ஜெறாட்டுக்குக் கண் கலங்கியது. நெடுநாளைக்குப் பிறகு அவனுக்கும் பசித்தது.