வாத்தியார் கொதிக்கவைத்த தண்ணீர்

அந்தச் சிறையில் கோபக்காரர் பக்கத்தில் தண்ணீர் வைத்தால் சூடாகிவிடும். அதிகாரிகள் அதைக் குழாய்க் கோளாறு என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். கைதிகளின் குணத்தையும் குற்றத்தையும் ஆராய வந்த உளவியல் வாத்தியாருக்கோ வாயெல்லாம் பல். நூற்றிருபது கேள்விகள், ஒரு வெப்பமானி, ஒரு டம்ளர் தண்ணீரோடு ஆண்கள் பகுதியில் இரண்டு வருடம் அளந்தார். கத்தியால் குத்தியவர்களிடம் வெதுவெதுப்போடு சரி. மோசடி வழக்கில் வந்த பல் டாக்டரிடம்தான் ஆவி பறந்தது. கொலை செய்த பெண்ணுக்குள் ஆண்குணம் இருந்தே தீரும், தண்ணீர் கொதித்தே தீரும் என்று, பெண்கள் பகுதிக்குள் கால் வைப்பதற்கு முன்பே தன் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் எழுதி முடித்திருந்தார்.

அங்கே அவர் எதிரே உட்கார்ந்தவள், பதினோரு வருடம் அடித்த புருஷனை ஒரே ஒரு தடவை இஸ்திரிப் பெட்டியால் திருப்பி அடித்தவள். அவன் அதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். அவளுடைய விடுதலை மனு வாத்தியாரின் அறிக்கைக்காகக் காத்திருந்தது. டம்ளர் ஜில்லென்று இருந்தது.

"இந்தக் கேள்வி சரியில்ல சார்," என்றாள். "அடிக்கடி சண்டை போடுவீங்களான்னு கேக்குறீங்க. யார் ஆரம்பிச்சதுன்னு கேக்கலையே?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா! முப்பது வருஷமா இதுதான் என் வேலை. எனக்குக் கோபமே வராது!"

தண்ணீர் தளதளவென்று கொதித்தது; வெப்பமானி வெடித்தது. பெண் வார்டர் ஓடிவந்தாள். கைதி இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி, "நான் இல்லக்கா," என்றாள்.

மறுவாரம் வாத்தியார் காலி அறையில் தனியாக உட்கார்ந்து, அதே கேள்விகளைத் தன்னிடமே கேட்டுப் புது வெப்பமானியால் அளந்தார். அத்தனை கைதிகளையும் மிஞ்சியிருந்தார். வீட்டில் சொன்னபோது மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "இதுக்கு எதுக்குங்க வெப்பமானி? என்னைக் கேட்டிருக்கலாமே."

அந்தக் கைதியை ஆபத்தானவள் என்று எழுதினால் புத்தகம் பிழைக்கும். மூன்று நாள் அப்படி எழுதிக் கிழித்தார். நாலாம் நாள், 'இவரால் யாருக்கும் ஆபத்தில்லை; அறையில் இருந்த இன்னொருவரைப் பற்றி அப்படி உறுதி சொல்ல இயலாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதத்தில் அவள் வெளியே வந்து, ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். புத்தகம் வரவில்லை.

வாத்தியார் இன்றும் செவ்வாய்தோறும் காலையில் பெண்கள் பகுதிக்குப் போகிறார். பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொடுப்பார்கள். "புத்தகம் எப்ப சார் வரும்?" என்று யாராவது ஒருத்தி கேட்டால் போதும், பத்தே நிமிடத்தில் நாற்பது பேருக்கு வெந்நீர் தயார். குளிர் அதிகமாகிவிட்டதால் வெள்ளிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.