பேருந்து மெக்கானிக்கின் சொற்பட்டியல்

மூன்று வருஷம் அவள் மாங்கு மாங்கென்று எழுதிய மென்பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரையில் இருப்பதைப் பார்வையில்லாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அது. கட்டற்ற மென்பொருள் தொகுப்பு ஒன்றில் சேர்ந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். ஆனால் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு கோப்பையும் துருவிப் பார்க்க அங்கே ஒரு தன்னார்வலர் இருந்தார். பூதக்கண்ணாடி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

அவர் இரண்டு குறை எழுதியிருந்தார். சொற்களை எப்படி உச்சரிப்பது என்று சொல்ல அவள் இணையத்திலிருந்து எடுத்துச் சேர்த்திருந்த பட்டியலுக்கு, யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமம் எழுத்தில் இல்லை. அதே பட்டியலை வேறொரு மென்பொருளும் அதே இடத்தில் வைப்பதால், இரண்டையும் ஒரே கணினியில் நிறுவினால் மோதிக்கொள்கின்றன.

“மனுஷனுக்கு வேற வேலையே இல்ல அண்ணி!” என்று கணவனின் அக்காவிடம் பொரிந்து தள்ளினாள்.

அண்ணிக்குப் பார்வை போய் ஐந்து வருஷம். இந்த மென்பொருளை அவள் எழுதத் தொடங்கியதே அண்ணிக்காகத்தான். துவைத்த துணிகளை மடித்தபடியே அண்ணி கேட்டாள்: “அவர் சொல்றதுல என்ன தப்பு? அடுத்தவங்க உழைப்ப ஒரு வார்த்தை கேக்காம எடுத்து வெச்சிருக்கியே?”

சுருக்கென்றது. பட்டியலை எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. பூதக்கண்ணாடி கைவிரிப்பார் என்றுதான் நினைத்தாள். அவரோ பதினான்கு வருஷத்துப் பழைய மடல்களைக் குடைந்து, அந்த ஆள் ஒரு பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

பணிமனைக்கு ஃபோன் போட்டாள். சாப்பாட்டு இடைவேளையில் மெக்கானிக் பேசினார்.

“அதையா கேக்கறீங்க? கால் ஒடிஞ்சு ஆறு மாசம் படுத்திருந்தப்ப பொழுது போகாம எழுதினதும்மா. எல்லாருக்கும்னுதானே போட்டேன்?”

“வாயால சொன்னா செல்லாதுங்க. எந்த உரிமத்துல தர்றீங்கன்னு எழுத்துல வேணும்.”

அண்ணி எட்டி ஃபோனை வாங்கிக்கொண்டாள். “அண்ணே, எனக்குக் கண்ணு தெரியாது. உங்க பட்டியல் இருக்கறதாலதான் தினமும் பேப்பர் கேக்கறேன். ரொம்ப நன்றிண்ணே.”

மெக்கானிக் உரிமத்தின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, “இன்னிக்கே எழுதி அனுப்பறேம்மா,” என்றார்.

அனுப்பினார். உரிமம் தெளிவானதும் மற்றதும் சுலபமாயிற்று. பட்டியலைத் தனியாக நிறுவக்கூடிய பொதியாகப் பிரித்து அவர் பெயரிலேயே போட்டார்கள். இரண்டு மென்பொருள்களும் அதையே பகிர்ந்துகொண்டன. மோதல் தீர்ந்தது; அவள் மென்பொருளும் தொகுப்பில் சேர்ந்தது. பூதக்கண்ணாடிக்கு அவள் எழுதிய நன்றி மடல் ஒரு பக்கத்தைத் தாண்டியது. முதல் வரியே மன்னிப்புதான்.

அடுத்த வாரம் மெக்கானிக்கிடமிருந்து ஒரு மடல் வந்தது. நாற்பது சொற்களின் உச்சரிப்பைத் திருத்தி அனுப்பியிருந்தார். ‘அந்த அம்மா காதுல தப்பா விழக் கூடாது’ என்று கீழே எழுதியிருந்தது. அதை அண்ணிக்கு மென்பொருளே வாசித்துக் காட்டியது.