அலமாரிக்குள் அடித்த கைப்பேசி

பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். புக்கிட் காத்தில் பக்கம், வாகனங்களுக்கு பிரேக் குழாய் செய்யும் தொழிற்சாலையில், எது எப்போது கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே யோசித்து வழி சொல்வதுதான் என் வேலை. என் கணவர் திவாகர் அங்கேயே சோதனை ஓட்டுநர். நான் பயப்படுவேன், அவர் ஓட்டுவார்.

அன்று புதிய பிக்கப் வண்டியின் முதல் ஓட்டம். அதில் மாட்டியிருந்தது புது சப்ளையரின் ரப்பரில் நாங்கள் செய்த பிரேக் குழாய். அது சூட்டைத் தாங்குமா என்ற சோதனை முடிவு மதியம்தான் வரும். அதுவரை பொறுக்கலாம் என்று வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தேன். திட்ட மேலாளர் கிருபாலன் காதில் வாங்கவில்லை. ஏற்கெனவே தாமதமான வேலை இன்னும் தள்ளிப்போகக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

கார் நிறுத்துமிடத்தில் சூடம் ஏற்றி, நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் மறுபடியும் சொல்ல வாயெடுத்தேன்.

"பூஜை நேரத்துல வாய வைக்காத ராகினி. நல்லதா நாலு வார்த்தை சொல்லி அனுப்பு லா," என்றார் கிருபாலன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனாலும் எரியும் சூடத்துக்கு முன்னால் நின்று பிரேக் போய்விடும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. திவாகர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினேன். பழங்கள் நசுங்கின. வண்டி ரெம்பியா பக்கம் கிளம்பிவிட்டது. அதற்கு அப்பால்தான் பிரேக்கைச் சோதிக்கும் செங்குத்தான இறக்கம்.

மதியத்துக்கு முன்பே சோதனைக்கூடத்திலிருந்து ஷாந்தினி அழைத்தாள்.

"அக்கா, சூட்டுல வச்ச குழாய் எல்லாமே வெடிச்சிருச்சு!"

உடனே திவாகரின் எண்ணை அழுத்தினேன். என் முதுகுக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள் மணி அடித்தது.

கைப்பேசி ஓட்டுநரின் கவனத்தைக் கெடுக்கும், அதனால் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். இந்த விதியைப் போட்ட புண்ணியவதியும் நான்தான். கூட்டத்தில் அதற்குக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

செய்தி கேட்டு வந்த கிருபாலனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் காடிய எடுக்கிறேன், வாம்மா," என்று தன் காரை நோக்கி ஓடினார்.

வழியெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரெம்பியாவை நெருங்கும்போது சாலையோரம் ஒரு கூட்டம். விபத்தோ என்று எட்டிப் பார்த்தேன். டுரியான் பழக்கடை.

அப்போது என் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். போலீஸா, ஆஸ்பத்திரியா? எடுக்கப் பயந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடும்மா," என்றார் கிருபாலன்.

எடுத்தேன்.

"நான்தான். பிரேக்கு பஞ்சு மாதிரி அமுங்கிருச்சு, ஓரங்கட்டிட்டேன். இது டயர் கடை அங்கிளோட போன். எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது உன் நம்பர் மட்டுந்தான்."

"இறக்கத்துலயா?"

"அங்க போகவே இல்ல. கிளம்புனதுலேருந்து பிரேக்க மிதிச்சு மிதிச்சு பாத்துக்கிட்டு மெதுவாத்தான் வந்தேன்."

"ஏன்?"

"நான் சாவிய தொட்டாலே அத பாருங்க, இத பாருங்கன்னு உயிர எடுப்ப. இன்னைக்கு ஒரு வார்த்தை பேசல. நீயே வாயடைச்சு நின்னதும் எனக்கு பயம் வந்துருச்சு."

சத்தம் போட்டு அழுதேன். அழுதுகொண்டே ஆரம்பித்தேன். "வண்டிக்குள்ள உக்காராதீங்க. சாவிய கையில வச்சுக்குங்க. ரோட்டோரமா நிக்காதீங்க, லோரி வரும்..."

"ம்ம், பேசு," என்றார் திவாகர். "இப்பதான் பயம் போகுது."