பதினேழாம் எண் வீடும் ஒன்பது மூட்டை சோயாவும்

ஜூன் முப்பதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, வாத்துப் பாலச் சந்தின் பதினேழாம் எண் வீடு தரையை விட்டு ஆளுயரத்துக்கு மேல் எழும்பி அப்படியே நின்றது. அன்று தக்காளி கிலோ ஆறு யுவான். வீட்டுக்காரி தெங் யூஃபென் டோஃபு விற்பவள்; அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோயாப் பால் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்று அவளே சொன்னாள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சந்தில் இருக்கும் பழைய வீடுகளை ஜூனுக்குள் இடித்து முடிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. இவள் ஒருத்திதான் வெளியேற மாட்டேன் என்றாள். கெடு நெருங்கியதும், இடிப்பு அலுவலகத் தலைவர் ருவான் நம் ஊர் அதிகாரிகள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். வேலை முடிவதற்கு முன்பே முடிந்துவிட்டதாக எழுதினார். 'பதினேழாம் எண்: இடிக்கப்பட்டது. தரை காலி.' முத்திரை விழுந்த நிமிடமே தரை காலியாகிவிட்டது. கோப்பு பொய்யாகிவிடக் கூடாதே என்று வீட்டுக்கு இருந்த அக்கறை எழுதியவருக்கு இல்லை. இடித்தாகிவிட்ட வீட்டை இடிக்க யார் உத்தரவு போடுவது? புல்டோசர் வீட்டுக்கு அடியில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறித் திரும்பிப் போயிற்று. அலுவலகத்தார் அடியில் புல் நட்டார்கள். இடிக்கும் பட்டியலில் வராத வீட்டுக்காரர்கள் நாங்கள் ஒரு ஏணி சாத்திக் கொடுத்தோம். நல்ல நிழல் என்பதால் மாஜோங் ஆட்டமும் அங்கே இடம் மாறியது.

யூஃபென் அசையாததற்கு அவள் கணவன் பெங் தாஹாய்தான் காரணம். இழப்பீடு போதாதென்று தலைநகருக்கு மனு கொடுக்கப் போனவனை வழியிலேயே மடக்கி, 'சட்டப் படிப்பு வகுப்பு' என்று எங்கோ உட்கார வைத்து இரண்டு வருடமாகிறது. எந்த ஊரில் வகுப்பு, எப்போது தேர்வு, யாரும் சொல்லவில்லை. அவன் திரும்பி வந்தால் அவனுக்குத் தெரிந்த கதவு இது ஒன்றுதான்.

ஜூலையில் வில்லெம் வந்தான். டச்சுப் பத்திரிகைக்காரன், பதினொரு வருடம் நம் நாட்டில் இருந்து மிளகாய் தின்னவும் வாயை மூடவும் பழகியவன். டேப்பை நீட்டி அளந்தான்: இரண்டு மீட்டர் பத்து.

"எப்படிக்கா நிக்குது?"

"ஆபீஸ்ல அப்படித்தான் எழுதியிருக்காங்க தம்பி. டோஃபு சாப்பிடுறியா?"

அன்று மாலை போலீஸ்காரர்கள் இருவர் அவனைத் தேநீர் குடிக்க அழைத்துப் போய், அப்படி ஒரு வீடே இல்லை என்று மரியாதையாக விளக்கினார்கள். அவன் அனுப்பிய செய்தியில் 'மிதக்கிறது' என்பதை அவன் நாட்டு ஆசிரியர் அடித்துவிட்டு 'தலைநிமிர்ந்து நிற்கிறது' என்று போட்டார். வீடு மிதக்கவில்லை என்பதில் இரண்டு நாட்டு அலுவலகங்களும் ஒத்துப்போயின.

ஆகஸ்டில் மாகாண ஆய்வுக்குழு வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் தரையைத்தான் பார்ப்பார்கள். மேலே பார்ப்பது அவர்கள் வேலையல்ல. அந்த வாரம்தான் யூஃபென் சோயா மூட்டைகளை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் ஏற்றினாள். மூட்டைக்கு ஒரு சாண் வீதம் வீடு இறங்கியது. எட்டாவது ஏறியபோது ருவான் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஐயோ அக்கா, என் வயித்துல அடிக்காதீங்க! இன்னொண்ணு ஏத்தினா வீடு தரைக்கு வந்துடும், நான் நடுத்தெருவுக்கு வந்துடுவேன்."

"அன்னைக்கு வீட்டை விட்டு இறங்குன்னு மிரட்டின. இன்னைக்கு இறக்காதேன்னு கெஞ்சுற. வெக்கமா இல்ல?"

"என்னதான் வேணும், சொல்லித் தொலைங்க!"

"எம் புருஷன். வியாழக்கிழமைக்குள்ள வரலேன்னா ஒன்பதாவது மூட்டை ஏறும். தம்பி போட்டோ எடுக்கும்."

புல்லில் உட்கார்ந்து தம்பி கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆய்வு. எட்டு மணிக்கு ஒரு வெள்ளை வேன் பெங்கைச் சந்து முனையில் இறக்கிவிட்டுப் போயிற்று. தரைக்கும் வீட்டுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. ஒரு ஆளின் பாரம் போதும், வீடு புல்லில் உட்கார்ந்துவிடும். அவன் வாசற்படியில் கால் வைத்தபோது ருவான் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

வீடு ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை, அவனிடம் பாரம் என்று ஒன்றுமே மிச்சமில்லாததுபோல. வில்லெம் இரண்டு தரம் அளந்தான், அதே எண். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டான். "உன்னை என்னய்யா பண்ணிட்டாங்க!" என்று உள்ளே யூஃபென் வாய்விட்டு அழுதாள். ருவான்கூடத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். பிறகு எல்லோருமாக எட்டு மூட்டைகளையும் வெளியே இறக்கினோம். வீடு பழைய உயரத்துக்கே ஏறியது. குழுவினர் வந்து, நிழலில் நின்று, தரை காலி என்று எழுதிக்கொண்டு, இங்கே காற்று நன்றாக வருகிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ருவானுக்குப் பதவி உயர்வோடு வேறு ஊர் கிடைத்தது. யூஃபென் பெங்குக்குத் தினமும் பன்றிக்கால் சூப் வைத்தாள், டோஃபு வறுத்தாள், தட்டு காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். எதைச் சாப்பிட்டான், எவ்வளவு சாப்பிட்டான் என்று சந்து முழுக்கத் தெரியும். வில்லெம் மாதம் ஒருமுறை வந்து அளந்தான். அந்த எண்களை அவன் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. புத்தாண்டுக்குள் வீடு நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. நாங்கள் ஏணியின் காலில் நான்கு விரற்கடை அறுத்துவிட்டோம்.