பூச்சியம் வாங்கிய கோபம்

இத்தாலியில், பலேர்மோவில், எங்கள் பங்குக் கோயில் மண்டபம் நூற்றெண்பது பேர் கொள்ளும். ஒருவரோடு ஒருவர் கோபமில்லாதவர்கள் மட்டும் என்றால் ஒன்பது பேர்.

செலஸ்ரீனாவுக்கு ஓர் ஆசைதான். மகள் அனிற்றாவின் கலியாணச் சாப்பாட்டில் தன் அண்ணன்மார் கிறிகோரியும் பஸ்தியானும் கடைசிவரை எழும்பிப் போகாமல் இருக்கவேண்டும். இருவரும் பதினொரு வருடமாகக் கதைப்பதில்லை. மொண்டெல்லோ கடற்கரையில் ஒருவரின் குடை நிழல் மற்றவரின் மீன் பொரியலில் விழுந்துவிட்டது. மீன் கறுத்துப்போனதை நானே பார்த்தேன்.

மதுரையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த யுவஸ்ரீ கணினியில் இருக்கை போட்டாள். எல்லோரும் மணமகளுக்கு இயன்றவரை கிட்ட. கோபக்காரர்கள் சொன்ன மீற்றர் தள்ளி. நிபந்தனைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. கணினி மூன்று நாள் யோசித்தது. அந்தச் சூட்டில் பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மா தக்காளி உலர்த்தினார்.

விடையில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு பெருக்கி இருந்தது. அதைத் தளர்த்தினால் சபை மணமகளுக்கு இன்னும் எவ்வளவு கிட்ட வரலாம் என்று காட்டும் எண். யாருடைய கோபம் எவ்வளவு இடைஞ்சல் என்று நான் அதைச் சனத்துக்குச் சுருக்கிச் சொல்லிவைத்தேன். சோதிலிங்கத்துக்கு நாற்பத்திரண்டு; நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். யோகாம்பாளுக்கு முப்பத்தேழு, அடுத்த பூசைக்கு முன்னே இன்னும் இருவரோடு கோபித்துக்கொண்டாள்.

அண்ணன்மாருக்குப் பூச்சியம். ஒருவர் வாசலோரமும் மற்றவர் குசினியோரமும் தனித்தனியே கேட்டிருந்ததால், அவர்கள் கோபம் எவரையும் தடுக்கவில்லை.

யுவஸ்ரீயிடம் முறையிடப் புறப்பட்ட இருவரும் பிரான்காச்சோ போகும் பஸ்ஸில் அகப்பட்டார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கைகள்தான் காலி. நான் பின்னால் இருந்தேன். மூன்று தரிப்பிடம் போனபின் கிறிகோரி யன்னலைப் பார்த்துச் சொன்னார்.

“பதினொரு வருசம். பூச்சியமாம்.”

“சோதிலிங்கம் போன மாசம் கோவிச்சவன், அண்ணை.”

யுவஸ்ரீ தன் வீட்டு வாசலில் நின்று ஆறுதல் சொல்லப் பார்த்தாள். “ஜீரோன்னா நல்லதுதான் அங்கிள். உங்களால யாருக்கும் தொந்தரவு இல்லை.”

கிறிகோரி அவள் வாசற்படியிலேயே குந்திவிட்டார். பஸ்தியான்தான் வாயைத் திறந்தார். “எங்கள் ரெண்டு பேரையும் ஒண்டா இருத்துங்கோ, பிள்ளை.”

செய்தி பரவியதும், சண்டைக்குப் பயந்து நாற்பது பேர் அந்த மேசையிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளி இடம் கேட்டார்கள். யுவஸ்ரீ மறுபடி கணக்கைப் போட்டாள்.

கலியாணத்தன்று அண்ணன்மார் ஒரே மேசையில் ஐஸ்கிரீம்வரை இருந்தார்கள். செலஸ்ரீனா பார்த்துப் பார்த்து அழுதாள்.

“அழாதை,” என்றார் கிறிகோரி. “எங்கட மேசைக்குத் தொண்ணூற்றாறு.”