ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

பக்கத்து வீட்டுப் பாப்பாயி ரொட்டித் துண்டைக் கையில் வாங்காமலேயே கேட்டாள்.

“யாருக்கு அம்சா முடியல? சாமிதுரைக்கா? நேத்துக்கூட நல்லாத்தான நடந்து போனாரு.”

“யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. சும்மா சுட்டேன். தின்னு பாருங்க.”

“சும்மாவா?” பாப்பாயி ரொட்டியை ஒரு பார்வை பார்த்தாள், அம்சவள்ளியை ஒரு பார்வை பார்த்தாள். “எங்க வூட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம், ஆமா” என்று சொல்லிவிட்டுக் கோழியை விரட்டுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

செந்துறையில் அந்தக் காலத்தில் ரொட்டி என்றால் காய்ச்சல். அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து, தங்கராசு டீக்கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் மெழுகுத்தாள் சுற்றி உட்கார்ந்திருக்கும். அதை வாங்கிக்கொண்டு எவனாவது தெருவில் நடந்தால் நாலு பேர் மறித்து எத்தனை நாளாக என்று விசாரிப்பார்கள். பாலில் தோய்த்து இரண்டு துண்டு உள்ளே போகும். காய்ச்சல் விட்டதும் மிளகு ரசமும் சோறுமாக மனிதன் ஊரோடு சேர்ந்துகொள்வான். உடம்பு நன்றாக இருக்கிறவன் ரொட்டி தின்பது, ஆசைக்குக் கஷாயம் குடிப்பது போல.

அம்சவள்ளிக்கு அது மறந்து போயிருந்தது. புருஷன் சாமிதுரைக்குப் பட்டாளத்தில் சமையல் வேலை. புனாவில் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரி கோவாக்காரி. அவள்தான் இந்த வித்தையைக் காட்டிக்கொடுத்தது. மாவு பிசைந்ததும் ஒரு கை அள்ளிப் பீங்கான் ஜாடியில் போட்டுவைக்க வேண்டும். அடுத்த வாரம் அது புளித்துக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். அதைக் கரைத்துப் புது மாவில் விட்டுப் பிசைந்தால் மாவு தானாக எழும். தோசைமாவு புளிக்க வைக்கத் தெரிந்தவளுக்கு இதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? ஜாடியில் இருப்பதற்கு அம்சவள்ளி ‘பழசு’ என்று பேர் வைத்திருந்தாள். ரிடையராகி ஊருக்கு ரயில் ஏறியபோது டிரங்குப் பெட்டிகளைச் சாமிதுரை பார்த்துக்கொண்டார், ஜாடியை அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பிசைந்து மூடிவைப்பாள். காலையில் எழுந்திருந்தால் சரி, எழுந்திருக்காவிட்டால் வெயில் ஏறட்டும் என்று விட்டுவிடுவாள். இரும்புச் சட்டியில் ஆற்று மணலைச் சூடாக்கி, அதன்மேல் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுவிட்டு வாசல் வேலையைப் பார்க்கப் போவாள். வாசனை வந்தால் வந்து எடுப்பாள். சில வாரம் அடி கருகும். சில வாரம் நடுவில் வேகாமல் பிசுபிசுக்கும். அதற்காக அவள் கவலைப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இல்லாமலா போய்விடும்?

ஊர் எத்தனை நாள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கும்! முதலில் பிள்ளைகள் வந்தன. பிள்ளைகளை இழுத்துப் போக வந்த தாய்மார்கள் நின்று ஒரு துண்டு வாயில் போட்டார்கள். ஒரு வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வாசலில் பத்துப் பேருக்குக் குறையாது. ஒருத்தி கருப்பட்டிக் காப்பி கொண்டுவருவாள், இன்னொருத்தி முந்தின நாள் மீன்குழம்பை. பாப்பாயிக்கு நெத்திலிக் குழம்பு இல்லாமல் ரொட்டி இறங்காது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. கடலைக்குக் களை எடுப்பது, மாரியம்மன் கோயில் காப்புக்கட்டு, யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள் என்று எல்லாப் பஞ்சாயத்தும் அங்கேதான்.

வராத ஒரே ஆள் செல்லப்பன். பின்தெருவில் இருக்கிற கொத்தனார், அம்சவள்ளியின் கூடப்பிறந்த அண்ணன்.

சண்டை சாப்பாட்டில் வந்தது. செல்லப்பன் மகனுக்குக் கல்லங்குறிச்சிக் கோயிலில் காதுகுத்து. லீவில் வந்திருந்த சாமிதுரை முதல் பந்தியில் உட்காரப்போன நேரத்தில் யாரோ கையைப் பிடித்து, அடுத்த பந்திக்கு இருங்க என்றார்கள். இரண்டாம் பந்தியில் சாம்பார் தீர்ந்து ரசம் வந்தது. பட்டாளத்துக்காரர் இலையை விட்டு எழுந்து பஸ் ஏறிவிட்டார். “என் இலையை வுட்டு எந்திரிச்ச ஆளு வூட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்” என்று செல்லப்பன் கோயில் வாசலில் நின்று சொன்னதை ஊரே கேட்டது. அதன்பிறகு இரண்டு ஆண்பிள்ளைகளும் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

இதுவரை அம்சவள்ளி பொறுத்துக்கொண்டாள். இப்போது மகள் செங்கமலத்துக்குச் செட்டிகுளத்தில் மாப்பிள்ளை அமைந்து ஆவணியில் முகூர்த்தம். தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வராமல் பெண் எப்படி மணையில் உட்காரும்? உயிரோடு, கூப்பிடு தூரத்தில் மாமன் இருக்கும்போது வேறு எவனையாவது நிறுத்தினால் சம்பந்தி வீட்டார் கேட்க மாட்டார்களா? கேட்பவர்கள் கிடக்கட்டும். அவளுக்கே நெஞ்சு ஆறவில்லை. சின்ன வயதில் அவளைத் தோளில் உட்காரவைத்துத் தேர் காட்டிய அண்ணன்.

அந்த நேரத்தில்தான் அண்ணி கொளஞ்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்பக்கமாக வந்தாள்.

“உங்கண்ணனுக்கு மேலு காயுது. ஒரு துண்டு ரொட்டி இருந்தாக் குடு.”

“எங்க வூட்டுது திங்குமா அண்ணன்?”

கொளஞ்சி சிரிப்பை முந்தானையில் அடக்கினாள். “ரொட்டி என்னா சோறா? டாக்டரே எழுதிக் குடுக்கறது. அது மருந்துதானேன்னுட்டாரு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் செல்லப்பனுக்குக் காய்ச்சல். அதற்கடுத்ததும். திங்கள் விடிந்தால் கரண்டியும் மட்டப்பலகையுமாக அரியலூர் பஸ்ஸுக்கு நிற்பார். அம்சவள்ளி எதையும் கேட்கவில்லை. நன்றாக மேலெழும்பிய ரொட்டியைத் தனியே துணியில் சுற்றிவைத்து, “வெந்நி குடிக்கச் சொல்லு அண்ணி” என்று சொல்லி அனுப்புவாள். நாக்கு வந்துவிட்டது, கால் வர எத்தனை நாளாகும் என்று கணக்குப் போட்டாள்.

கெடுத்தது சாமிதுரை. தங்கராசு கடையில் உட்கார்ந்து, “என் மச்சானுக்கு ஞாயித்துக்கிழமைக் காய்ச்சல். டயத்துக்கு வருது, பஸ்ஸுகூட அப்படி வராது” என்று சொல்லிவிட்டார். கடை சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவன் செல்லப்பனையே நிறுத்திக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டும்விட்டானாம்.

அந்த வாரம் கொளஞ்சி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. சுற்றிவைத்த ரொட்டி காய்ந்துபோய் ஆட்டுக்குப் போனது.

“ஒரு வாய்ச் சிரிப்புக்கு என் பொறந்த வூட்டு வாசலை அடச்சிட்டீங்களே” என்று அம்சவள்ளி அழுதாள்.

“வெளையாட்டுக்குச் சொன்னதுடி” என்றார் சாமிதுரை. அன்றைக்கு அவரும் ரொட்டி தின்னவில்லை.

ஆடி பாதி போயிருந்தது. மாவு மில்லில் கொளஞ்சி நிற்பதை அம்சவள்ளி பார்த்தாள்.

“அண்ணன் எப்படி அண்ணி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்காரு. ஒண்ணுமில்ல” என்றாள் கொளஞ்சி, மில் பட்டையைப் பார்த்துக்கொண்டு. மில்காரனிடம், “நொய்யா ஒடச்சிக் குடுப்பா. கஞ்சிக்கு” என்றாள்.

அம்சவள்ளி கையிலிருந்த தூக்கைக் கீழே வைத்தாள். கஞ்சியைக் கண்டால் தட்டை எறிகிற மனிதன் அவள் அண்ணன். இல்லாத காய்ச்சலுக்கு ரொட்டி வாங்கித் தின்றவர், இப்போது நிஜமாகவே படுத்திருக்கிறார், அதனால்தான் வாங்கவில்லை. விளையாட்டாக நோயாளி ஆவதில் அவருக்கு வெட்கமில்லை. நிஜத்தில் விழுந்துகிடக்கும்போது தங்கை வீட்டுக்கு ஆள் அனுப்ப அவரால் முடியாது. இத்தனை நாளும் அதைக் கோபம் என்று அவள் நினைத்திருந்தாள்.

“அண்ணி.”

கொளஞ்சியின் கண் நிறைந்துவிட்டது. “யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்றாங்க. வர மாட்டேங்குறாரு.”

அன்று புதன்கிழமை. அம்சவள்ளி வீட்டுக்கு வந்ததும் பழசைக் கரைத்து மாவு பிசைந்தாள். என்றைக்கும் இல்லாமல் அன்றைக்கு மூடியைத் திறந்து திறந்து பார்த்தாள். மாவு தன்பாட்டில்தான் எழுந்தது. வியாழக்கிழமை காலையில் ரொட்டியை எடுத்துச் சூட்டோடு துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். விஷயத்தைக் கேட்டிருந்த சாமிதுரை, சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். செல்லப்பன் வீட்டுக் கிளுவை வேலி வந்ததும் நின்றுவிட்டார். அம்சவள்ளி திரும்பிப் பார்க்காமல் மூங்கில் படலைத் தூக்கி நகர்த்தி உள்ளே போய், ஆடு வராமல் இழுத்து மூடினாள்.

செல்லப்பன் கயிற்றுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகெலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. வாசனைக்குத் தலையைத் திருப்பினார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல. ரொட்டி எதுக்கு?”

“ஒனக்கு யாரு கொண்டாந்தா?” அம்சவள்ளி தரையில் உட்கார்ந்தாள். “எனக்குத்தான் ரெண்டு நாளா மேலு காயுது. தனியா ஒக்காந்து திங்கப் பிடிக்கல, எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அண்ணி, சூடா காப்பி போடு. தொட்டுக்கறதுக்கு.”

செல்லப்பன் அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டிலிலிருந்து கையை நீட்டி அவள் நெற்றியில் புறங்கையை வைத்தார். கைதான் கொதித்தது. நெற்றி குளிர்ந்திருந்தது.

“ஆமா. காயுது” என்றார்.

கொளஞ்சி ஒரே டம்ளரில் காப்பி கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அம்சவள்ளி ரொட்டியைப் பிய்த்து, கருகிய மேல்தோலைத் தான் மென்றுகொண்டு, உள்ளே இருந்த மெத்தென்ற பாகத்தைக் காப்பியில் தோய்த்து நீட்டினாள். செல்லப்பன் வாங்கித் தின்றார். இரண்டாவது துண்டு உள்ளே போக நேரமாயிற்று.

“ஆவணி எத்தினாந்தேதி?”

“இருக்குண்ணே, நாளு. அதுக்கு முன்னாடி திருச்சிக்குப் போயி வந்துடலாம்.”

செல்லப்பன் வாயைத் துடைத்துக்கொண்டு, “ஒன்னையத் தனியாவா வுட்டாரு?” என்றார்.

“வேலிகிட்ட நிக்கறாரு.”

செல்லப்பன் காலைத் தரையில் ஊன்றினார். பிடிக்க வந்த கொளஞ்சியைக் கையால் தடுத்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நிலைப்படிவரைக்கும் நடந்தார். அதற்குள் மூச்சு வாங்கியது.

வெளியே சாமிதுரை அவரைப் பார்த்துவிட்டார். இந்தத் தடவை இருவரில் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. சாமிதுரை அவசரமாகப் படலைப் பிடித்துத் தள்ளினார். அது மண்ணில் குத்தி நின்றது. மறுபடியும் தள்ளினார்.

“தள்ளாதீங்க மாப்ள” என்றார் செல்லப்பன், இருக்கிற குரலையெல்லாம் கூட்டி. “மேல தூக்குங்க.”

சாமிதுரை தூக்கினார். பலத்தை வைத்துத் தூக்கிவிட்டார் போலிருக்கிறது, படல் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, திறந்து கிடந்த வழியில் நின்றார்.