கன்னம் காயும் வரை

வெப்பப் படம் எடுக்கும் அந்த அறையில் டெக்னீஷியனான அவள் வைத்ததுதான் சட்டம். முகத்தில் க்ரீம் கூடாது, சூடாக எதுவும் குடித்திருக்கக் கூடாது, பதினைந்து நிமிடம் கன்னத்தில் கை படக் கூடாது. பல் மருத்துவமனை முழுக்க அவளுக்கு ஹெட்மாஸ்டர் என்றுதான் பெயர். பின்னே, தோலின் சூட்டை வைத்து வலியைத் தேடுகிற கேமராவுக்குக் கண்டதையெல்லாம் காட்டினால், அதுவும் கண்டதையெல்லாம்தானே சொல்லும்?

அன்று வந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூன்று மாதமாகத் தாடை மூட்டில் வலி. வாயில் இரண்டு விரல் நுழைவதே பெரும்பாடு. முதல் படத்தில், மூட்டு இருக்கும் காதோரம் சூடு சிவப்பாகத் தெரிந்தது. ஆனால் கண்ணிலிருந்து தாடை வரை இரண்டு நீலக் கோடுகள் இறங்கி எல்லாவற்றையும் கெடுத்திருந்தன. ஈரம் பட்ட தோல் குளிர்ந்து நீலமாகத்தான் விழும்.

"அழுதீங்களாம்மா?"

"இல்லியே" என்றபடி அந்த அம்மா கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தால் மறுபடியும் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது படத்துக்கும் அதே கதி. ஹெட்மாஸ்டருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"வெளிய மூணு பேர் காத்திருக்காங்கம்மா. ஒரு கால் மணி நேரம் அழாம இருக்க முடியாதா?"

"வீட்டுல நாள் முழுக்க அப்படித்தானே இருக்கேன்! இங்க கைக்கு வேலையில்ல, பக்கத்துல அவரும் இல்ல. அதான்..."

பிறகு கொட்டிவிட்டாள். கப்பலில் வேலை பார்த்த ஒரே மகன் கடலோடு போய்விட்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த வாரம்தான் கணவருக்கு இதய ஆபரேஷன். அதிர்ச்சி தாங்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதால் மறைத்தாள். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. அழுகை வரும்போதெல்லாம் பல்லை இறுக்கிக்கொள்கிறாள். தினமும் சாயங்காலம் கணவரிடம், நீங்கள் தூங்கும்போது பையன் போனில் பேசினான் என்று எதையாவது கட்டிச் சொல்கிறாள்.

ஹெட்மாஸ்டர் கேமராவை அணைத்தாள். "நல்லா அழுங்கம்மா. படம் எங்கயும் ஓடிடாது" என்று சொல்லிவிட்டு, நேரமாகும் என்று கணவரிடம் சொல்ல வெளியே வந்தாள்.

மனிதர் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் வாய் திறக்கும் முன்பே, "அழுறாளா?" என்றார்.

"கொஞ்சம் நேரமாகும் சார்" என்று மட்டும் சொன்னாள்.

"அழட்டும்மா. பையன் விஷயம் எனக்குத் தெரியும். கம்பெனி அனுப்பின கடிதம் அலமாரியில துணிக்கு அடியில இருந்தது. பார்த்து ரெண்டு மாசமாச்சு."

"அப்ப ஏன் சார் அவங்ககிட்ட சொல்லல?"

"சாயங்காலம் அவ அவனைப் பத்திப் பேசுற அந்தக் கொஞ்ச நேரம் அவன் இருக்கான்மா. நான் வாயைத் திறந்தா ரெண்டு பேருக்கும் அதுவும் போயிடும். நீங்களும் சொல்லிடாதீங்க."

ஒரே வீட்டில், ஒரே சாவை, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒளித்து வைத்துக்கொண்டு, என்ன பிழைப்பு இது! அவளுக்கு இருவரையும் உலுக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

மூன்றாவது படம் சுத்தமாக விழுந்தது. இரண்டு காதோரமும் தீயாய்ச் சிவந்திருந்தன. சூடு எவ்வளவு என்று மட்டும் அறிக்கையில் எழுதினாள்.

வெளியே வந்த அம்மா முகத்தைச் சரிசெய்துகொண்டு கணவரிடம் சொன்னாள்: "உள்ள இருக்கும்போது பையன் போன் பண்ணினான். ஏதோ துறைமுகத்துல இருக்கானாம். ஒரே மழையாம்."

"அப்படியா?" அவர் பெஞ்சைப் பிடித்து மெதுவாக எழுந்தார். "நனைய வேண்டாம்னு சொன்னியா?"

"சொன்னேன்" என்றாள்.